முதல் சிரியன் ஹம்ஸ்டர்: வன்னி வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

நான் கிளிநொச்சியில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். வீட்டில் சிரியன் ஹம்ஸ்டர் வளர்ப்பது ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து, கலியாண அழைப்பிதழ் அடிக்க வருபவர்கள்கூட அதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்காமல் போவதில்லை. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மச்சாளின் பிள்ளையிடம் வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, தனக்கும் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரே இவர்களில் அதிகம். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். வாங்கியபின் திருத்த முடியாத பிழைகள் சில உண்டு. அவற்றில் ஒன்றை நானே செய்தேன்.

“இதுவும் எலிதானே அக்கா? பொறி வைத்துப் பிடிப்பதைக் காசு கொடுத்து வாங்குவார்களா?”

கொறிக்கும் விலங்குதான். ஆனால் நம் கூரைக்குள் ஓடும் எலியின் குடும்பம் வேறு, இதன் குடும்பம் வேறு. வால் விரல் நுனி அளவுதான். உடல் 13 முதல் 18 சென்ரிமீற்றர் வரை வளரும். எடை 100 முதல் 150 கிராம் வரை, சில பெண் ஹம்ஸ்டர்கள் அதற்கும் மேலே போகும். கன்னங்களுக்கு உள்ளே தோள்வரை நீளும் இரண்டு பைகள் இருக்கின்றன. கிடைக்கும் தானியத்தை அவற்றில் அடைத்து, வளைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்கும்.

சொந்த ஊர் சிரியாவின் வடக்கே அலெப்போ நகரைச் சுற்றியுள்ள சமவெளியும், அதை ஒட்டிய துருக்கிப் பகுதியும். 1930ஆம் ஆண்டு இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் அங்கே ஒரு கோதுமை வயலைத் தோண்டுவித்து, ஒரு தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார். அவற்றில் பிழைத்த சிலவற்றின் வழிவந்தவையே இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் சிரியன் ஹம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமும். அங்கே வயல்காரர்களுக்கு அது பயிரை அழிக்கும் பிராணி, நஞ்சு வைக்கிறார்கள். அதனால் சொந்த நிலத்தில் அது அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. நம் வயல்களிலும் எலிக்கு அதுதானே நடக்கிறது, நான் யாரையும் குறை சொல்லவில்லை.

“கடையில் குட்டை ஹம்ஸ்டர் என்றும் ஒன்று காட்டினார்கள். முதலாவதாக வளர்க்க எது நல்லது?”

சிரியன். குட்டை இனங்கள் மிகச் சிறியவை, விறுவிறுவென்று ஓடுபவை. பழகாத கையிலிருந்து வழுகி விழுந்துவிடும். சிரியன் உருவில் பெரியது, நிதானமானது, மனிதக் கைக்குப் பழகக்கூடியது. ஆனால் அதற்குத் தேவையான இடமும் பெரியது.

“எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மின்விசிறி போட்டால் சமாளிக்கலாமா?”

இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். சிரியன் ஹம்ஸ்டருக்கு 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரை சுகமான வெப்பநிலை. 30 பாகையைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வன்னியில் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை பகல் வெப்பம் 33, 34 பாகைக்குப் போவது வழமை. தகரக் கூரையின் கீழ் அது இன்னும் ஏறும். வியர்த்து உடலைக் குளிர்விக்கும் வழி அதற்கு இல்லாததால், மின்விசிறிக் காற்று நமக்குத் தரும் ஆறுதலை அதற்குத் தராது. சூடான அறையில் அது சூடான காற்றை அதன் மேல் வீசுகிறது, அவ்வளவுதான்.

அலெப்போவிலும் கோடை கொளுத்தும். அங்கே அது எப்படிப் பிழைக்கிறது? நிலத்துக்குள் போய்விடுகிறது. அங்கே அளந்து பார்க்கப்பட்ட வளைகளின் சராசரி ஆழம் 65 சென்ரிமீற்றர். வெளியே வெயில் எரியும்போது அந்த ஆழத்தில் மண் குளிர்ச்சியாக இருக்கும். நாம் அதை மண்ணிலிருந்து எடுத்து மேசைமேல் ஒரு பெட்டியில் வைக்கிறோம். ஆகவே அந்தக் குளிர்ச்சியை ஏற்பாடு செய்வது நம் பொறுப்பு. என் முதல் ஹம்ஸ்டரை நான் இழந்தது இதில்தான். கச்சான் காற்று அடிக்கும் காலம். காற்றாவது வரட்டும் என்று கூட்டை யன்னலோரம் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மூன்று மணிக்குத் திரும்பியபோது அது கூட்டின் மூலையில் உடலை நீட்டிக் கிடந்தது. அந்த யன்னல் மேற்குப் பக்கம் பார்த்தது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

எனவே வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வெப்பமானியை வாங்கி, கூடு வைக்க நினைத்திருக்கும் அதே இடத்தில், அதே உயரத்தில் ஒரு வாரம் வையுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு என்ன காட்டுகிறது என்று நாள்தோறும் எழுதுங்கள். 30ஐத் தாண்டுகிறதென்றால் வேறு அறையைப் பாருங்கள். வீட்டின் எந்த மூலையிலும் குறையவில்லை என்றால் அந்த வீட்டுக்கு ஹம்ஸ்டர் வேண்டாம். பிள்ளை எவ்வளவு அழுதாலும் வேண்டாம். கிடுகு வேய்ந்த வீடும் ஓட்டு வீடும் தகரத்தையும் சீற்றையும் விடக் குளிர்ச்சி. வீட்டுத்திட்ட வீடுகளில், நிலத்தில் சீமெந்து போட்ட, வடக்குப் பக்கத்து உள்ளறை பெரும்பாலும் தாங்கும்.

“மின்வெட்டு வந்துவிட்டால்? அல்லது அது வெயிலில் வாடிவிட்டதுபோல் தெரிந்தால்?”

வெயில் காலத்தில் கூட்டுக்குள் ஒரு மாபிள் துண்டு அல்லது தரைக்குப் பதிக்கும் ஓடு எப்போதும் இருக்கட்டும். வயிறு பட அதன் மேல் படுத்துக்கொள்ளும். கவிழ்த்த மண்சட்டி இன்னும் நல்லது. வாய்விளிம்பில் ஏழு சென்ரிமீற்றர் அகலத்துக்கு உடைத்து, முனைகளைத் தேய்த்து மழுங்கச் செய்தால் வாசல் கிடைத்துவிடும். போத்தலில் தண்ணீரை உறையவைத்துத் துவாயில் சுற்றி, கூட்டின் வெளிப்புறம் சாய்த்து வைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் குளிரட்டும், எந்தப் பக்கம் வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். ஈரத் துணியால் கூட்டையே மூடாதீர்கள். காற்று அடைபட்டு உள்ளே புழுங்கும்.

உடல் துவண்டு, மூச்சு வேகமாக வாங்கி, வாயோரம் நனைந்திருந்தால் அது வெப்பத் தாக்கம். உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, சாதாரண தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளையும் பாதங்களையும் ஒற்றுங்கள். பனிக்கட்டித் தண்ணீர் கூடாது, தண்ணீரில் முக்கவும் கூடாது. தலை தூக்கி விழிப்பாக இருந்தால் மட்டும் உதட்டில் ஒரு துளி தண்ணீர் காட்டுங்கள். பிறகு மிருக வைத்தியர். “ஹம்ஸ்டர் நீண்ட உறக்கம் கொள்ளுமாமே, அதாக இருக்கும்” என்று ஒருவர் விட்டுவிட்டார். அந்த உறக்கம் கடுங்குளிரில் வருவது. வன்னி வெயிலில் அசையாமல் கிடக்கும் ஹம்ஸ்டரை ஒருபோதும் உறங்குகிறது என்று எண்ணாதீர்கள்.

“கூடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கிளிக்கூடு ஒன்று சும்மா கிடக்கிறது.”

கிளிக்கூடு சரிவராது. ஹம்ஸ்டருக்கு உயரத்தில் நாட்டமில்லை. ஏறும், பிறகு விழும், கால் முறியும். வேண்டியது நிலப்பரப்பு. 100 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம் என்று வையுங்கள். அதிலிருந்து குறைக்க நேர்ந்தால் 80க்கு 50 கடைசி எல்லை. கடைகளில் வண்ணக் குழாய்களோடு விற்கும் சின்னக் கூடுகள் எதுவும் இந்த அளவைத் தொடுவதில்லை. பழைய மீன்தொட்டி கிடைத்தால் நல்லது, ஆனால் மேல்மூடி வலையாக இருக்க வேண்டும். நான் தச்சரிடம் ஒரு பழைய அலுமாரியைக் கொடுத்து, படுக்கவைத்து, முன்பக்கம் கண்ணாடியும் மேலே வலையும் போடச் சொன்னேன். கூடு வாங்கும் காசில் பாதிதான் முடிந்தது.

கோழிக்கூட்டு வலையின் கண் பெரிது. குட்டி ஹம்ஸ்டர் நுழைந்து போய்விடும், வெளியிலிருந்து வரக்கூடாததும் நுழைந்து வந்துவிடும். கண் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் போகாத இரும்பு வலை கேளுங்கள்.

“மரக்காலையில் மரத்தூள் மூட்டைக்கணக்கில் கிடைக்கிறது. உமியும் உண்டு. அதைப் பரப்பலாமா?”

மரக்காலைத் தூளில் தேக்கும் முதிரையும் பாலையும் வேம்பும் கலந்திருக்கும். எந்த மரத்தின் எண்ணெய் எதைச் செய்யும் என்று தெரியாது. அதைவிட, அந்தத் தூள் மிக நுண்ணியது. மூக்கை நிலத்தில் வைத்துத் தோண்டும் விலங்கு அதை நாள் முழுவதும் சுவாசிக்கும். உமி கூர்மையானது, தூசும் உண்டு. தென்னந்தும்பு நீள நாராகக் காலில் சுற்றும். இலவம் பஞ்சும், கடையில் ஹம்ஸ்டருக்கென்றே விற்கும் பஞ்சும் ஆபத்து: காலைச் சுற்றி இறுக்கும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

என் தொழிலில் இதற்கு விடை இருந்தது. அச்சகங்களில் ஓரம் வெட்டி ஒதுக்கும் வெள்ளைத் தாள் கேட்டால் தருவார்கள். மை படாததாகப் பார்த்து, கீலம் கீலமாகக் கிழித்து, மணமில்லாத வெள்ளைத் திசுத்தாளையும் கலந்து அழுத்தி நிரப்புங்கள். ஹம்ஸ்டருக்கென்று தூசு நீக்கி, சூளையில் உலர்த்தி விற்கும் மரச்சீவல் கிடைத்தால் அதையும் கலக்கலாம். வளை இடிந்துவிழாமல் நிற்கும். ஆழம் 25 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது, கூடினால் நல்லது. சுவிற்சர்லாந்தில் செய்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில் ஹம்ஸ்டர்களுக்கு 10, 40, 80 சென்ரிமீற்றர் ஆழங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்து மட்டும் கிடைத்தவை மற்றவற்றைவிட அதிகம் கம்பியைக் கடித்தன; எண்பது கிடைத்தவை கடிக்கவே இல்லை. “கம்பியைக் கடிக்கிறதே, பல் வளர்கிறதாலா?” என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். பல் வாழ்நாள் முழுவதும் வளர்வது உண்மை. அதற்குக் கொய்யாக் குச்சியும் சிரட்டையும் போடுங்கள். கம்பி கடிப்பது இடம் போதவில்லை என்று அது சொல்வது.

“சக்கரம் கட்டாயமா?”

கட்டாயம். சொந்த நிலத்தில் ஓடித் திரியும் விலங்கு அது. விட்டம் 28 சென்ரிமீற்றர் அளவில், ஓடும் பரப்பு இடைவெளி இல்லாத தட்டையாக இருக்க வேண்டும். ஓடும்போது முதுகு வளைந்தால் சக்கரம் சிறிது என்று அர்த்தம். கம்பிச் சட்டச் சக்கரத்தில் கால் சிக்கி முறியும். வெளிநாட்டிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் சொக்கலேற்றுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள். இங்கே நல்லது தேடிப் பிடிப்பது சிரமம்.

“தனியாக விட்டால் பாவம் இல்லையா? சோடியாக வாங்கினால் விளையாடுமே.”

வேண்டாம். எத்தனை பேர் கேட்டாலும் இதற்கு ஒரே பதில்தான். சிரியன் ஹம்ஸ்டர் தனித்து வாழப் பிறந்தது. குட்டிப் பருவம் கழிந்து எட்டுப் பத்து வாரம் ஆனதும் உடன்பிறந்ததைக்கூட எதிரியாகப் பார்க்கும். சண்டை இரவில் நடக்கும். விடிந்து பார்க்கும்போது ஒன்று இறந்திருக்கும், அல்லது காயத்தோடு மூலையில் ஒடுங்கியிருக்கும். கடையில் ஒரே பெட்டியில் பலவற்றை வைத்திருப்பது அவை இன்னும் குட்டிகள் என்பதாலும் இடம் இல்லை என்பதாலும்தான்.

நாம் ஆள் கூட்டத்தில் வளர்ந்தவர்கள், தனிமை நமக்குத் தண்டனை போலத் தெரிகிறது. அதற்கு அப்படி இல்லை. அதன் வளை, அதன் சேமிப்பு, அதன் வாசனை, வேறு யாரும் வராத நிலம்: இவை இருந்தால் அது நிம்மதியாக இருக்கும்.

“ஒன்றுதான் வாங்கினோம், மூன்றாம் நாள் குட்டி போட்டிருக்கிறது! என்ன செய்வது?”

கடையிலேயே கருவுற்று வந்திருக்கும். கர்ப்ப காலம் 16 நாள் மட்டுமே. நாலு, ஐந்து வார வயதிலேயே சினைப்படவும் முடியும். பதறாதீர்கள். முதல் இரண்டு வாரம் கூட்டைத் துப்புரவு செய்யாதீர்கள், குட்டிகளைத் தொடாதீர்கள், பக்கத்து வீட்டாருக்கு அழைத்துக் காட்டாதீர்கள். பயந்த தாய் குட்டிகளைத் தின்றுவிடும். தண்ணீரும் தீனும் வைத்துவிட்டு விலகுங்கள். அவித்த முட்டை சிறிதளவு கூடுதலாக வையுங்கள். மூன்று வாரம் முடிந்து பால் மறந்ததும் ஆணையும் பெண்ணையும் பிரித்துவையுங்கள். பிறகு முந்தைய பதிலில் சொன்ன வயதுக்குள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூடு. எட்டுக் குட்டி என்றால் எட்டுக் கூடு. இதற்கு மனம் தயாரில்லாதவர்கள் ஆண் ஹம்ஸ்டராகப் பார்த்து வாங்குங்கள்.

“என்ன தீன் கொடுப்பது? எங்கள் வயலில் விளைவதைக் கொடுக்கலாமா?”

நகரத்துக் கடைகளில் கிடைக்கும் ஹம்ஸ்டர் தானியக் கலவையை அடிப்படையாக வையுங்கள். அதனுடன் தினை, சாமை, குரக்கன், தீட்டாத சிவப்பரிசி, கொஞ்சம் எள்ளு என்று நம்முடையதைச் சேர்க்கலாம். நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 10 முதல் 15 கிராம் போதும். தாவரம் மட்டும் தின்னும் விலங்கு என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குப் புரதமும் வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று முறை நகமளவு அவித்த முட்டை அல்லது உப்பில்லாமல் அவித்த கோழி கொடுங்கள். மரக்கறியில் கெக்கரி, கரட், பூசணி சிறு துண்டு. பயறு, கௌப்பி, உளுந்து எதையும் பச்சையாகப் போடாதீர்கள். பயற்றை முளைகட்டியோ உப்பில்லாமல் அவித்தோ சிறிதளவு கொடுக்கலாம்.

வெங்காயம், உள்ளி, தேசி, தோடை, பச்சை உருளைக்கிழங்கு, சொக்கலேற், கருவாடு, மிக்சர், பிஸ்கற் கூடாது. பனங்கட்டியும் கூடாது: இனிப்பு என்பதோடு, கன்னப்பையின் உள்ளே ஒட்டிக்கொள்ளும். கடிக்கக் கொடுக்கும் குச்சி அலரியோ எருக்கலையோ ஆமணக்கோ ஆகிவிடாமல் பாருங்கள்.

தண்ணீர் நீங்கள் குடிப்பதையே கொடுங்கள். நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். போத்தல் முனையில் படிந்து பந்தை அடைத்துவிடும். போத்தல் நிரம்பியிருக்கும், ஆனால் ஒரு துளி வராது. நாள்தோறும் விரலால் தட்டிப் பாருங்கள்.

“கச்சான் கொடுத்தால் விரும்பித் தின்கிறது. எவ்வளவு கொடுக்கலாம்?”

வாரத்துக்கு ஒன்றிரண்டு பருப்பு, உப்புப் போடாதது. கொழுப்பு அதிகம். சூரியகாந்தி விதைக்கும் இதே கணக்கு. கொடுத்த எல்லாவற்றையும் “தின்றுவிட்டது” என்று நம்பாதீர்கள், பெரும்பகுதி வளைக்குள் இருக்கும். (ஊரில் ஒரே சொல் வேர்க்கடலைக்கும் வெயில் காற்றுக்கும் இருப்பதை என் மகள் இந்தக் கேள்வியின்போதுதான் கவனித்தாள். இரண்டிலும் அளவு வேண்டும்.)

“வாரம் ஒருமுறை குளிப்பாட்டலாமா? மணக்கிறதே.”

தண்ணீர் கூடாது. ரோமத்தின் எண்ணெய் போய், குளிர் பிடித்து, அச்சத்திலேயே நோய்ப்படும். அகலமான கிண்ணத்தில் மணல் வையுங்கள், அது தானே புரண்டு சுத்தமாகிக்கொள்ளும். ஆற்று மணலைத் தூசு போகும்வரை பலமுறை கழுவி, சட்டியில் வறுத்து ஆறவையுங்கள். முல்லைத்தீவுப் பக்கத்தில் இருப்பவர்கள் கடல்மணலை அள்ளி வைக்கவேண்டாம், உப்பு இருக்கும்.

மணப்பது ஹம்ஸ்டர் இல்லை, அது சிறுநீர் கழிக்கும் மூலை. அந்த மூலைத் தாளை மட்டும் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றுங்கள். முழுக் கூட்டையும் ஒரேயடியாகக் கழுவினால் அதன் வாசனை எல்லாம் போய், சொந்த வீட்டிலேயே வழிதவறியது போல அலையும். மாதமொருமுறை மூன்றிலொரு பங்கு மாற்றினால் போதும். பெண் ஹம்ஸ்டரிடம் நாலு நாளுக்கொருமுறை வரும் மணம் இயல்பானது.

“மாரியில் கூட்டுக்குள் பூஞ்சணம் பிடிக்கிறது.”

ஐப்பசியிலிருந்து தை வரை தாளின் அடியை வாரமொருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். மரக்கறித் துண்டை இரவு வைத்தால் காலையில் எடுத்துவிட வேண்டும். வளைக்குள் பதுக்கியிருக்கும் ஈரத் தீனையும் தேடி எடுங்கள், உலர் தானியத்தை விட்டுவிடுங்கள். வெள்ளம் ஏறும் இடத்தில் இருப்பவர்கள், அதைத் தூக்கிக்கொண்டு வெளியேற ஒரு சிறிய மூடியுள்ள பெட்டியைக் கார்த்திகைக்கு முன்பே எடுத்துவையுங்கள்.

“எறும்பு, பூனை, பாம்பு எல்லாம் உள்ள வீடு. எப்படிக் காப்பாற்றுவது?”

எறும்பை அலட்சியம் செய்யாதீர்கள்; குட்டிகளைக் கொன்றுவிடும். நம் அம்மாமார் பலகாரப் பெட்டிக்குச் செய்ததையே செய்யுங்கள்: மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடாமல் இரண்டு நாளுக்கொருமுறை கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றுங்கள். எறும்புத் தூளும் பூச்சிமருந்தும் அந்த அறைக்கே வரக்கூடாது. நுளம்புச் சுருளும், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் வேறு அறையில் இருக்கட்டும். கூட்டின் மேல் ஒரு நுளம்புவலை போட்டுவிடுங்கள்.

சாரையும் நாகமும் எலி மணத்துக்கு வரும். அதனால்தான் கூடு பற்றிய பதிலில் வலையின் கண்ணை அவ்வளவு வற்புறுத்தினேன். மூடிக்குக் கொளுக்கி போடுங்கள். பூனை உள்ளே போக முடியாவிட்டாலும், கூட்டின் மேல் ஏறி இருந்தாலே ஹம்ஸ்டர் அச்சத்தில் வாடும்.

“எலிக்காய்ச்சல் வருமா? வயல் வேலைக்குப் போகிறவர்கள் உள்ள வீடு.”

நல்ல கேள்வி, பயந்து கேட்டாலும் சரியான கேள்வி. எலிக்காய்ச்சல் கிருமி பெரும்பாலும் எலிகளின் சிறுநீரில் வருவது. வெளி எலியைத் தொடாமல் வளரும் ஹம்ஸ்டருக்கு அது தானாக வராது. ஆனால் வந்தால் தாங்காது. அந்தக் கிருமிக்கு ஹம்ஸ்டர் மிக எளிதில் பலியாவதால்தான் ஆய்வுகூடங்களில் அந்நோயை ஆராய இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே தானியத்தை மூடியுள்ள தகரப் பேணியில் வையுங்கள், எலி நடமாடும் களஞ்சியத்தில் கூட்டை வைக்காதீர்கள், வயலுக்குப் போய்வந்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் அதைத் தொடாதீர்கள்.

தொட்டபின்னும் கை கழுவுங்கள். கூட்டைச் சமையலறையில் வைக்காதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கூடு துப்புரவு செய்யும் வேலையை அவருக்குக் கொடுக்கவேண்டாம், கொறிக்கும் விலங்குகளிலிருந்து சிசுவைப் பாதிக்கும் வைரஸ் ஒன்று அரிதாகத் தொற்றக்கூடும்.

“கொழும்பிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரலாமா?”

இரவுப் பஸ்ஸில் கொண்டுவாருங்கள். பகலில் மணிக்கணக்கில் வெயிலில் வரும் பயணம் அதற்குக் கூடாது. காற்றோட்டமான கடினப் பெட்டி, அடியில் தாள், அது இருந்த இடத்தின் பழைய தாள் ஒரு பிடி, ஈரத்துக்குக் கெக்கரித் துண்டு. மடியில் வையுங்கள், இயந்திரத்தின் சூடு வரும் இடத்திலோ பொருட்கள் அடுக்கும் அறையிலோ வேண்டாம். யாழ்ப்பாணத்தில் கிடைத்தால் ஆனையிறவு தாண்டி அதிகாலையிலேயே வந்துவிடலாம்.

“என்னைக் கடித்துவிட்டது. கெட்ட விலங்கோ?”

பெரும்பாலும் தூக்கத்தில் எழுப்பியிருப்பீர்கள், அல்லது கையில் மீன் மணத்திருக்கும். அதற்குக் கண்பார்வை குறைவு, மூக்குதான் கண். வந்த முதல் வாரம் தொடவே வேண்டாம். தீன் வைக்கும்போது மெல்லப் பேசுங்கள். பிறகு உள்ளங்கையில் விதை வைத்துக் காத்திருங்கள். அது தானாக ஏறிய பின்பே இரு கைகளாலும் ஏந்தித் தூக்குங்கள், மேலிருந்து பிடிக்காதீர்கள். வானத்திலிருந்து வரும் கை அதற்குப் பருந்து. நிலத்தில் அமர்ந்து வைத்திருங்கள், நின்ற நிலையில் கைதவறினால் விழுந்து இறந்துவிடும். சின்னப் பிள்ளைகளிடம் பெரியவர் அருகில் இல்லாமல் கொடுக்கக்கூடாது.

“பகல் முழுக்கத் தூங்குகிறது. பிள்ளைக்கு ஏமாற்றம்.”

வீட்டில் வளரும்போது அது இரவு விலங்கு. பிள்ளை பாடம் முடித்து எழும் எட்டு, ஒன்பது மணிக்கு வெளியே வரும். பகலில் விளையாடத் துணை வேண்டும் என்றால் இது அதற்குரிய விலங்கில்லை. முயலும் ஆட்டுக்குட்டியும் வன்னியில் தாராளமாக உண்டு.

“வற்றாப்பளைப் பொங்கலுக்கு நாலு நாள் போகிறோம். தீனை நிறையப் போட்டுவிட்டுப் போகலாமா?”

தீன் பிரச்சினையே இல்லை, அதன் களஞ்சியத்தில் ஒரு வாரத்துக்கு இருக்கும். பிரச்சினை தண்ணீரும் வெப்பமும். பொங்கல் வருவது வைகாசியில், பூட்டிய வீடு அடுப்பாகிவிடும். தினமும் ஒருமுறை போத்தலைத் தட்டிப் பார்த்து, வெப்பமானியைப் பார்த்து உங்களுக்கு அழைத்துச் சொல்லும் ஒருவர் வேண்டும். அப்படி வந்து பார்க்க ஒருவர் இல்லையென்றால், பெட்டியோடு தெரிந்தவர் வீட்டில் விட்டுச்செல்லுங்கள்.

“வயிற்றோட்டம் போகிறது. மகனுக்குத் தந்த அமொக்சிசிலின் மிச்சம் இருக்கிறது, ஒரு சொட்டுக் கொடுக்கட்டுமா?”

கொடுக்கவே கொடுக்காதீர்கள். அமொக்சிசிலின், அம்பிசிலின், பெனிசிலின், எரித்ரோமைசின் போன்றவை ஹம்ஸ்டரின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சுக் கிருமிகள் பெருக வழிவிடும். ஒரு நோயோடு இருந்ததை மருந்து கொன்றுவிடும்.

வால் பகுதி நனைந்து, மணத்து, முதுகு கூனி இருந்தால், முக்கியமாக மூன்று முதல் பத்து வார வயதுக் குட்டியில், அது “ஈரவால்” நோயாக இருக்கலாம். இரண்டு மூன்று நாளுக்குள் உயிர் போய்விடும், ஆகவே “நாளைக்குப் பார்ப்போம்” என்பதற்கு இடமில்லை. நம் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகங்களில் நாள் முழுவதும் மாடும் ஆடும் கோழியும்தான். அதனால் ஹம்ஸ்டரை வாங்கும் முன்பே ஒருமுறை போய், இதைப் பார்ப்பீர்களா என்று கேட்டு வையுங்கள். பார்ப்பார்கள் என்றால் எடை தெரிய வேண்டும், மருந்து அதன்படிதான். சமையல் தராசில் வாரமொருமுறை நிறுத்து எழுதிவையுங்கள். தின்கிறது என்றாலும் எடை குறைந்தால் அதுவே முதல் அறிகுறி. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை உண்டு, ஆனால் அவசரத்துக்கு அது தூரம்.

“பிள்ளைக்கு அலுத்துவிட்டது. காட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்தானே?”

பிழைக்காது. தலைமுறை தலைமுறையாகக் கூட்டில் பிறந்த விலங்கு அது. ஒரு நாள் வெயில், ஒரு நாய், ஓர் ஆந்தை போதும். வளர்க்க முடியாவிட்டால், இந்தப் பதில்களைப் படித்து, வெப்பமானியும் கூடும் காட்டத் தயாராக இருக்கும் ஒருவரிடம் கூட்டோடு கொடுங்கள். கிளிநொச்சிப் பக்கம் யாரும் இல்லையென்றால் என்னிடம் கொண்டுவாருங்கள். நான் தேடித் தருவேன்.

“எத்தனை வருடம் இருக்கும்? இறந்துவிட்டால் என்ன செய்வது?”

இரண்டு வருடம், நன்றாகப் பார்த்தால் மூன்று. ஒன்றரை வயதுக்குப் பின் ரோமம் உதிரும், சக்கரத்தில் ஓடுவது குறையும், ஏற்றங்கள் சிரமமாகும். சக்கரத்தை எடுத்துவிடாதீர்கள், அதன் முன் ஒரு தட்டைக் கல்லை வைத்துப் படியை எளிதாக்குங்கள். கெட்டித் தானியத்தைக் கொஞ்சம் நொறுக்கிக் கொடுங்கள்.

என் இரண்டாவது ஹம்ஸ்டர் இரண்டு வருடமும் மூன்று மாதமும் இருந்து, வளைக்குள் உறங்கியபடியே போனது. நாய் தோண்டாதபடி இரண்டடி ஆழத்தில், கிணற்றடி மாமரத்தின் கீழ் புதைத்தோம். வளையைப் பிரித்தபோது பின்னறையில் குரக்கனும் தினையும் தனித்தனிக் குவியலாக இருந்தன. மகள் அதையும் கூடவே போடச் சொன்னாள். கூட்டை வெந்நீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவிட்டோம். மூன்றாவதை உடனே வாங்கவில்லை. அப்போது ஆனி மாதம், வெப்பமானி உள்ளறையிலேயே 31 காட்டியது. மாரி தொடங்கும்வரை காத்திருந்தோம்.